வெள்ளத்தில் விசாரித்த குரல்கள்

விமானம் என்றதும் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவது ஒன்றே. வளைகுடா நாட்டிற்குப் பிழைக்கச் சென்ற மகனையோ கணவரையோ சுமந்து செல்வதும், இரண்டாண்டுகள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவதுமான அந்தப் பெரிய ஊர்தி. அதற்கு உடைமையாளர் ஒரு நிறுவனமாகவோ ஓர் அரசாகவோ இருக்கும். தனி மனிதர் ஒருவர், அதுவும் பள்ளி ஆசிரியரோ பட்டறைத் தொழிலாளியோ உழவரோ, தமக்கென ஒரு விமானத்தை வைத்திருப்பார் என்றால் கேட்போர் புருவத்தை உயர்த்துவர். ஆயினும் அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் அத்தகையோர் பல்லாயிரவர் உளர். அவர்களுள் ஒரு சாரார் புதிய விமானத்தை நாடுவதில்லை. தம் பாட்டனார் காலத்தில் செய்யப்பட்ட பழைய விமானங்களைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, பறக்க வைத்துப் பேணி வருகின்றனர். ஆறுகள் பெருகும் காலத்தில் இவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் முறையைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறேன்.

முதலில் அந்த விமானம் எத்தகையது என்பதை வாசகர்கள் மனக்கண்ணால் காண வேண்டும். பைப்பர் நிறுவனத்தின் 'கப்' என்னும் மஞ்சள் நிற விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1938 முதல் 1947 வரை ஏறக்குறைய 20,000 செய்யப்பட்டன. ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரலாம். பெரும்பாலானவற்றில் 65 குதிரைத் திறன் கொண்ட சிறு எஞ்சின். வெறும் எடை 350 கிலோவுக்குள் அடங்கும். மின்கலம் கிடையாது, முன்புறம் நின்று விசிறியைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய, தொட்டியில் மிதக்கும் தக்கையில் செருகிய ஒரு கம்பி. கம்பி தாழத் தாழ எண்ணெய் குறைகிறது என்று பொருள். உடற்கூடு மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆனது. அதன் மேலும் இறக்கைகளின் மேலும் போர்த்தப்பட்டிருப்பது தகடன்று, துணி!

ஆம், துணிதான். பருத்தித் துணியை இழுத்துப் போர்த்தி, இறக்கையின் ஒவ்வொரு விலாச் சட்டத்தோடும் மெழுகு தோய்த்த நூலால் முடிச்சிட்டுத் தைத்து, அதன் மேல் 'டோப்' என்னும் பூச்சைப் பலமுறை பூசி இறுக்குவர். பிற்காலத்தில் பருத்தியின் இடத்தைப் பாலியெஸ்டர் பிடித்துக்கொண்டது. தையல் மட்டும் மாறவில்லை. அந்நாளைய விமானத் தொழிற்சாலைகளின் துணிப் பிரிவில் வரிசையாக அமர்ந்து தைத்தவர்களில் மிகப் பலர் பெண்களே. நம் சகோதரிகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இவ்வளவு மெல்லிய ஒன்றுக்கு ஆற்றங்கரையில் என்ன வேலை என்று தோன்றலாம். விமான நிலையத்திற்குச் சமதரை வேண்டும். மேடு பள்ளமற்ற அகன்ற நிலம் குறைந்த விலைக்குக் கிடைப்பது ஆற்றுப் படுகையை ஒட்டித்தான். அந்த நிலத்தைச் சமப்படுத்தியதே அந்த ஆறுதான் என்பதையும், தான் சமப்படுத்திய இடத்திற்கு அது மீண்டும் வரக்கூடும் என்பதையும் விலை பேசும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 1951 ஜூலையில் கான்சாஸ் நதி பெருகியபோது, கான்சாஸ் நகரின் ஃபேர்ஃபாக்ஸ் விமான நிலையமும் அங்கிருந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் பழுது பார்க்கும் பணிமனையும் நீரில் மூழ்கின.

அதற்கும் முன்பே சின்சினாட்டி நகரில் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்திருந்தது. அந்நகரின் லங்கன் விமான நிலையம் ஒஹையோ நதிக்கு அருகே தாழ்ந்த நிலத்தில் அமைந்தது. அங்கேதான் ஏரோன்கா என்னும் நிறுவனம் இயங்கி வந்தது. சாமானியரும் வாங்கத்தக்க மிகச் சிறிய விமானங்களைச் செய்வதில் அது அமெரிக்காவிலேயே முன்னோடி. அதன் சி-2, சி-3 விமானங்களின் வயிறு தொங்கிய தோற்றத்தைக் கண்டு மக்கள் அவற்றைப் 'பறக்கும் குளியல் தொட்டி' என்று அழைத்தனர். 1937 ஜனவரியில் ஒஹையோ நதி அந்நகரில் ஏறக்குறைய 80 அடி உயரத்தைத் தொட்டது. 52 அடியைத் தாண்டினாலே அங்கு வெள்ளம் என்று கணக்கு. தொழிற்சாலை மூழ்கியது. அச்சுகளும் கருவிகளும் அழிந்தன. அவற்றினும் பேரிழப்பு, தொடக்க கால விமானங்களின் வரைபடங்கள் ஏறக்குறைய முழுவதும் அழிந்து போனதாகும். லங்கன் நிலையத்தை 'மூழ்கிய லங்கன்' என்று எதுகையோடு கேலி பேசும் வழக்கம் அவ்வூரில் உண்டு. வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும் ஒரு கறுப்புச் செங்கல் அதன் முனையக் கட்டடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது.

வரைபடம் அழிந்துபோன விமானத்தின் இறக்கை ஒடிந்தால் எப்படிச் சரி செய்வது? இன்னொருவரிடம் அதே விமானம் இருக்க வேண்டும். அவர் தம் இறக்கையின் துணியைக் கழற்றியிருக்கும் சமயமாக அது இருக்க வேண்டும். ஒரு விலாச் சட்டத்தைத் தாளின் மேல் கிடத்திப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பி வைக்க அவருக்கு மனமும் இருக்க வேண்டும். ஆகவே மற்றொருவரின் விமானம் இவருக்கு வெறும் அண்டை வீட்டுப் பொருளன்று, தம் விமானத்தின் வரைபடமும் அதுவே. வெள்ளச் செய்தி வந்தவுடன் எழும் அந்த விசாரிப்பில் அன்பும் உண்டு, தேவையும் உண்டு. இரண்டையும் பிரித்து எடை போட எனக்கு விருப்பமில்லை. மனிதர்களை இணைத்து வைக்கும் கயிறுகள் பெரும்பாலும் இப்படி இரு புரிகளால் முறுக்கப்பட்டவையே.

பைப்பர் நிறுவனத்தின் வரலாறும் தீயாலும் நீராலும் எழுதப்பட்டதுதான். பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு நகரில் இருந்த அதன் தொழிற்சாலை 1937 மார்ச்சில் எரிந்து போயிற்று. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலிலிருந்து விமானத்திற்கு வந்த வில்லியம் பைப்பர், அதே மாநிலத்தின் லாக் ஹேவன் என்னும் சிற்றூரில் கைவிடப்பட்டுக் கிடந்த பட்டாலை ஒன்றைப் பிடித்து, அங்கே தொழிலை மீண்டும் தொடங்கினார். மஞ்சள் கப் பெரும்பாலும் பிறந்தது அங்குதான். ஆனால் அவ்வூர் சஸ்குவெஹன்னா நதியின் மேற்குக் கிளையும் பால்ட் ஈகிள் ஓடையும் கூடுமிடத்தில் இருப்பது. விமான நிலையமும் ஆலையும் அந்த இரு நீர்களுக்கு இடைப்பட்ட சமநிலத்தில் அமைந்தன. முந்திய ஆண்டான 1936-இல்தான் அப்பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் ஒன்று சூறையாடியிருந்தது. தீக்குத் தப்பியவர் ஆற்றின் மடியில் போய் அமர்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆறு முப்பத்தைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தது. 1972 ஜூன் மாதம் ஆக்னஸ் என்னும் புயல் புளோரிடாவில் கரையேறி, வலுவிழந்து, வடக்கே நகர்ந்து, பென்சில்வேனியாவின் மலைகளின் மேல் நாட்கணக்கில் மழையாகக் கொட்டித் தீர்த்தது. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். லாக் ஹேவன் நகருக்குள் ஆறு புகுந்தது. பைப்பர் ஆலையில் செய்து முடித்து நின்ற ஏறக்குறைய 100 விமானங்கள் பாழாயின. கமாஞ்சி என்னும் நான்கு இருக்கை விமானத்தைச் செய்வதற்கான அச்சுகளும் கருவிகளும் சேற்றில் புதைந்து கெட்டன. 1950-களின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்த அழகிய, விரைவான, சக்கரத்தை உள்ளிழுத்துக்கொள்ளும் விமானம் அது. அந்த அச்சுகளைப் புதிதாகச் செய்யும் செலவை நிறுவனம் ஏற்கவில்லை. புளோரிடாவில் இருந்த மற்றோர் ஆலையில் வேறு மாதிரிகளைச் செய்வதே இலாபம் என்று கணக்கிட்டது. ஒற்றை எஞ்சின் கமாஞ்சியும் இரட்டை எஞ்சின் கமாஞ்சியும் அந்த ஆண்டோடு நின்றன.

வணிகக் கணக்கு என்று பார்த்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு நிறுவனம் ஒரே நாளில் கைகழுவிய பொருளை அதை வாங்கியவர்கள் கைகழுவவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒற்றை எஞ்சின் கமாஞ்சிகள் மட்டும் 4,800-க்கும் அதிகமாக விற்கப்பட்டிருந்தன. உடைமையாளர்கள் சங்கமாகக் கூடினர். விபத்தில் நொறுங்கிய விமானங்களின் நல்ல பாகங்கள் வீணாகாமல் காக்கப்பட்டன. சிறு பட்டறைகள் அரசின் ஒப்புதலுடன் சில உதிரிகளைச் செய்யத் தொடங்கின. தம் சொந்த விமானத்திற்கு வேண்டிய பாகத்தை உடைமையாளரே செய்துகொள்ள அமெரிக்க விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அது மூலப் பாகத்தை ஒத்திருக்கிறது என்று காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டுவதற்கு, மூலப் பாகத்தை இன்னும் வைத்திருக்கும் ஒருவர் எங்கேனும் இருந்தாக வேண்டும்.

இனி 1993-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டுக் கோடையில் மிசிசிப்பி, மிசௌரி ஆகிய இரு பேராறுகளும் மாதக்கணக்கில் கரை புரண்டன. ஆயிரத்திற்கும் மேற்பட்ட கரைகள் உடைந்தன அல்லது நீரால் தாண்டப்பட்டன. செயின்ட் லூயிஸ் நகரில் ஆகஸ்டு 1 அன்று மிசிசிப்பி 49.58 அடியைத் தொட்டது. அங்கு 30 அடியே வெள்ள அளவு. அதற்கு இரு நாள் முன்னதாக, ஜூலை 30 இரவில், நகரின் மேற்கே செஸ்டர்ஃபீல்டு பள்ளத்தாக்கைக் காத்து வந்த மோனார்க் கரையை மிசௌரி ஆறு உடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கில்தான் 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமான நிலையம் இருந்தது. விடிந்தபோது அது ஏரியாகிக் கிடந்தது.

அந்நிலையத்தின் பெயர், 1927-இல் சார்லஸ் லிண்ட்பெர்க் தனியொருவராக நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு 33 மணி நேரத்திற்கு மேல் பறந்து சென்ற விமானத்தின் பெயராகும். லிண்ட்பெர்க்கின் வாழ்விலும் வெள்ளத்திற்கு ஓரிடம் உண்டு. 1931-இல் சீனாவின் யாங்சி நதி பல இலட்சம் மக்களை வீடற்றவர்களாக்கியபோது, அவரும் அவருடைய மனைவி ஆனும் தம் மிதவை விமானத்தில் பறந்து, நீர் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதைக் கண்டு சீன அரசுக்குக் கணக்கெடுத்துக் கொடுத்தனர். பிறகு அந்த விமானமே ஆங்கௌ நகரில், பிரிட்டிஷ் கப்பல் ஒன்றிலிருந்து ஆற்றில் இறக்கப்படுகையில் கவிழ்ந்து போனது.

செயின்ட் லூயிசுக்குத் திரும்புவோம். பேராற்று வெள்ளத்திற்கு ஒரு தயவான குணம் உண்டு. அது முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவது. மேல்நிலத்தில் பெய்த மழை கீழே வந்து சேர நாட்கள் ஆகும். எந்த ஊரில் எந்த நாளில் எத்தனை அடி என்று வானிலைத் துறை அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளிதான் விமானக்காரர்களின் நேரம். பறக்கும் நிலையில் இருந்த பல விமானங்கள், கரை உடைவதற்கு முன்பே மேட்டு நிலத்து ஊர்களுக்குப் பறந்து சென்றுவிட்டன.

பறக்க இயலாதவை எவை? இறக்கை கழற்றப்பட்டுச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டவை. எஞ்சின் பிரித்து மேசையில் பரப்பி வைக்கப்பட்டவை. விமானம் நன்றாக இருந்தும் உடைமையாளர் ஊரில் இல்லாதவை, நோயுற்றவை... அல்ல, நோயுற்றவர் உடைமையாளர். பழைய விமானம் வைத்திருப்போரில் முதியோர் பலர். எழுபது எண்பது வயதில், மனைவியை இழந்து, தனி வீட்டில், கொட்டகையில் நிற்கும் விமானத்தோடு வாழ்வோரும் அவர்களில் உண்டு. எனவே வெள்ள எச்சரிக்கை வந்ததும் தொலைபேசி வேலை செய்யத் தொடங்கும். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்து, ஆற்றோரத்து ஊர்ப் பெயர்களைக் கோடிட்டு, ஒவ்வொருவராக அழைப்பர். இந்நாளில் கைப்பேசியும் கணினியும் அவ்வேலையை எளிதாக்கிவிட்டன. பட்டியல் பட்டியலாகவே இருக்கிறது.

அந்த அழைப்பின் முதற்கேள்வி விமானத்தைப் பற்றியதன்று. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், வீட்டிற்குள் நீர் வந்ததா, மருந்து கையில் இருக்கிறதா என்பவை முதலில். அதன் பிறகே மற்றவை. இழுவை வண்டி யாரிடம் இருக்கிறது? மேட்டு நிலத்தில் கொட்டகை காலியாக உள்ளவர் யார்? வால் சக்கர விமானத்தை ஓட்டத் தகுதிச் சான்று பெற்றவர் பக்கத்தில் எவரேனும் உண்டா? மற்றொருவரின் விமானத்தை எடுத்துப் பறப்பதற்குக் காப்பீட்டுப் பத்திரம் இடம் தருகிறதா? இக்கடைசிக் கேள்வி சுவையற்றதாகத் தோன்றினும் நட்பைக் காப்பது அதுவே. நல்ல மனத்தோடு எடுத்துச் சென்ற விமானம் வழியில் சேதமுற்றால், இருவரும் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க இயலாமற் போகும். எழுத்தில் இருக்க வேண்டியதை எழுத்தில் வைத்துக்கொள்வதை அன்பின்மை என்று எண்ணுவோர் நம்மிடையே அதிகம். அவர்கள் பொருட்டே இதை எழுதினேன்.

மணிக்கணக்கும் முக்கியம். இவற்றில் பல புல்தரையிலிருந்து எழும்புபவை. மழையில் ஊறிய புல்தரை சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்; மேலெழ வேண்டிய ஓட்டத் தூரம் கூடும். நாளை பார்ப்போம் என்று ஒத்திப் போட்டவருக்கு, நாளைக்கு விமானம் இருக்கும், ஓடுதரை இருக்காது. வெள்ளம் வந்த பின் நண்பரின் கொட்டகையைப் பார்த்து வரலாம் என்று வானில் வட்டமிடவும் இயலாது. மீட்புப் பணி நடக்கும் பகுதியின் மேல் பறக்க அரசு தடை விதித்துவிடும். அது நியாயமும்கூட. வேடிக்கை பார்க்க வரும் விமானம், கூரையில் நிற்கும் மனிதனைத் தூக்க வரும் ஹெலிகாப்டருக்கு இடையூறு.

எடுத்துச் செல்ல இயலாதவற்றை என்ன செய்வர்? இதில் அனுபவம் பேசுகிறது. இலேசான விமானம் நீரில் மிதக்கும். மூடிய கொட்டகைக்குள் நீர் ஏறினால் அது எழும்பிக் கூரை உத்தரத்தில் மோதி, நீர் வடிகையில் தாறுமாறாகச் சாய்ந்து உட்காரும். எனவே இறுகக் கட்டுவதா, உயரத் தூக்கித் தொங்கவிடுவதா என்பதை நீரின் உயரத்தைக் கணித்து முடிவு செய்ய வேண்டும். நேரம் மிகக் குறைவாக இருந்தால் முதலில் கையில் எடுப்பது விமானத்தின் பதிவேடுகளை. எப்போது செய்யப்பட்டது, யார் யார் கைமாறியது, எந்த நாளில் எது பழுது பார்க்கப்பட்டது என்னும் முழு வரலாறும் அந்தத் தாள்களில்தான். நம் வீட்டில் நிலப் பத்திரம் போல. அடுத்து மேக்னெட்டோ, மானிகள் முதலிய கழற்றத்தக்க நுண்பாகங்கள்.

நீரில் மூழ்கியதற்குப் பிந்திய வேலை கொடியது. ஆற்று நீர் வெறும் நீரன்று. நுண்ணிய வண்டல் அது. எஞ்சினுக்குள் புகுந்த வண்டல் உலர்ந்து கெட்டிப்படுமுன் நன்னீரால் அலசியாக வேண்டும். மூழ்கிய எஞ்சினை முற்றிலும் பிரித்துச் சோதிக்காமல் இயக்கலாகாது என்பதே தயாரிப்பாளர்களின் விதி. எஃகுக் குழாய்களின் உட்புறம் துருப் பிடிக்காமலிருக்க அந்நாளில் ஆளி விதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வைப்பது வழக்கம். ஆனாலும் ஊசித் துளை வழியே நீர் புகுந்துவிட்டால், வெளியே வண்ணம் பளபளக்க உள்ளே துரு தின்னும். மர இறக்கைகளின் நிலை இன்னும் மோசம். அக்காலத்தில் மரத்தை ஒட்டியது பாலின் புரதத்திலிருந்து செய்யப்படும் கேசின் பசை. ஈரத்தில் அது பிடி தளரும், பூசணம் பிடிக்கும். இணைப்பு கண்ணுக்கு நன்றாகவே தோன்றும், வானில்தான் விட்டுக்கொடுக்கும். நீர் வடிந்த வாரத்தில் நண்பர்கள் கூட்டமாக வந்து துணியைக் கிழித்து எறிந்து, சட்டங்களைக் கழுவி, காற்றில் உலர வைப்பதன் காரணம் இதுதான். தனியொருவரால் அதை ஒரு வாரத்தில் முடிக்க இயலாது. ஒரு மாதம் சென்று முடித்தால் பயனில்லை.

மக்கள் உயிரிழக்கையில் பொழுதுபோக்குப் பொருளுக்கு இத்தனை கவலையா என்று வாசகர் எவரேனும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். செல்வச் செருக்கோடு விமானம் வைத்திருப்போர் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் எதற்காக உண்டானதோ அது ஒரு புறமிருக்க, வெள்ள நாளில் அது செய்யும் வேலையைப் பாருங்கள். தனியே வாழும் ஒரு முதியவர் மூன்று முறை அழைத்தும் தொலைபேசியை எடுக்கவில்லை என்பதை அந்நேரத்தில் கவனிக்க ஒருவர் இருக்கிறார். அவர் அந்த மாவட்டக் காவல் அலுவலகத்திற்குச் சொல்கிறார், அல்லது தாமே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். முதியவரின் சொந்தப் பிள்ளைகள் ஆயிரம் மைல் தொலைவில் இருக்கக்கூடும். பழைய விமானம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்திராது.

லாக் ஹேவனுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. 1984-இல் பைப்பர் நிறுவனம் அவ்வூர் ஆலையை நிரந்தரமாக மூடிற்று. தலைமுறையாகத் துணி தைத்தும் குழாய் பற்றவைத்தும் வாழ்ந்த குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடின. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1986-இல், பழைய பைப்பர் விமானங்களை வைத்திருப்போர், அவை பிறந்த இடத்திற்கே அவற்றை ஓட்டி வந்து கூடும் ஜூன் மாதக் கூட்டம் அங்கே தொடங்கியது. வில்லியம் பைப்பர் பெயரைத் தாங்கிய அந்தச் சிறு நிலையத்தின் புல்வெளியில் விமானத்தை நிறுத்தி, இறக்கையின் கீழேயே கூடாரம் அடித்துத் தங்குவர். ஆலையை இழந்த ஊருக்கு ஆண்டுக்கொரு முறை அதன் கைவேலை திரும்பி வந்து நின்றது. பழைய பைப்பர் கட்டடம் ஒன்றில் அருங்காட்சியகமும் உருவாயிற்று.

ஆற்றுக்குக் கரை கட்டுவதா வேண்டாவா என்று அவ்வூரார் நெடுங்காலம் வாதிட்டனர். கரை வந்தால் ஆற்றின் அழகு மறையும், செலவு தாங்காது என்றனர் சிலர். ஆக்னஸ் புயலின்போது ஆறு எட்டிய உயரத்தைத் தடுக்கத்தக்க கரை 1995-இல் கட்டி முடிக்கப்பட்டது. மறு ஆண்டு ஜனவரியிலேயே ஆறு மீண்டும் பெருகியது. கரை நின்றது; ஊருக்குள் நீர் வரவில்லை. அந்த ஜூனில் மஞ்சள் கப் விமானங்கள் வழக்கம்போல் வந்து இறங்கின.